கம்பெனி திவாலானால் நம் பாக்கி என்னாகும்?

கடன்பட்டவர் கையை விரித்தால் ‘ஐ.பி. கொடுத்துவிட்டார்’, ‘மஞ்சள் கடுதாசி வந்துவிட்டது’ என்று பேசுவது நம் கடைவீதி வழக்கம். அது தனி நபருக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் உரிய பழைய வழி. சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். நம்மிடம் சரக்கு எடுத்தது பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2016-இல் வந்த திவால் சட்டத்தொகுப்புதான் பொருந்தும். வழக்கு நடப்பது தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில். ஆகவே பில் யார் பெயரில் போட்டிருக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முன்பு நலிந்த ஆலைகள் பி.ஐ.எப்.ஆர். வாரியத்துக்குப் போய், ஆண்டுக்கணக்கில் கடன்காரர்கள் நெருங்க முடியாதபடி இருந்துவிட்டன. புதிய சட்டம் 330 நாள் வரம்பு வைத்தது. வரம்பு ஏட்டில்தான்! பிக் பஜார் கடைகளை நடத்திய கம்பெனி மீதான மனு 2022 ஜூலையில் ஏற்கப்பட்டது; 2024 ஜூலையில் கம்பெனியைக் கலைக்க உத்தரவாயிற்று.

சரக்குக் கொடுத்தவர் தாமே மனுப்போட முன்பு 1 லட்சம் ரூபாய் பாக்கி போதும். 2020 மார்ச் 24 முதல் அது 1 கோடி. மளிகை வியாபாரிகளில் எத்தனை பேருக்கு இது எட்டும்? ஆனால் வங்கியோ வேறொருவரோ போட்ட மனு ஏற்கப்பட்டால், நாமும் பாக்கியைக் கோரலாம். பத்திரிகை அறிவிப்பில் கண்ட கெடுவுக்குள் ‘பி’ படிவத்தை பில், பேரேட்டு நகலுடன் அனுப்ப வேண்டும். சும்மா இருந்துவிட்டால், தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றதும் அதில் சேராத பாக்கி அழிந்துபோகும். 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

திட்டத்துக்கு ஓட்டுப் போடுவது பெரும்பாலும் வங்கிகளே, நமக்கு ஓட்டில்லை. கம்பெனியைக் கலைத்து விற்றால் கிடைக்கக்கூடிய தொகையாவது நமக்குத் தரவேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அந்த வரிசையில் ஈடு பெற்ற வங்கி, தொழிலாளர், அரசு எல்லோரும் நமக்கு முன்னே நிற்கிறார்கள். மிஞ்சுவது பல சமயம் பூஜ்யம். ஈடில்லாமல் நம்பிக்கையில் சரக்கு இறக்கியவனைக் கடைசியில் நிறுத்துவது நியாயமில்லை என்பதே நம் கருத்து.

செக் திரும்பியிருந்தால் ஒரு பிடி உண்டு. திவால் நடவடிக்கை நடக்கையில் கம்பெனி மீதான செக் வழக்கு நின்றுவிடும். பொறுப்பிலிருந்த டைரக்டர்கள் மீது தொடரலாம். இதுவும் 2021 தீர்ப்புத்தான். பாக்கிக்குக் காலக்கெடு மூன்று ஆண்டு. அது முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். மார்ச் கணக்கு முடிக்கையில் வாங்கிவிடுவது சுலபம்.