உண்ணத் தகுந்த உறைக்குக் கடற்பாசிப் பசை

நோன்புக் காலத்தில் இஸ்லாமிய இல்லங்களில் செய்யப்படும் 'கடற்பாசி' இனிப்பைச் சுவைக்காதார் நம் கடற்கரையில் குறைவு. அது கட்டியாக உறைவதற்குக் காரணம் அகர் என்னும் கூட்டுச் சர்க்கரையாகும். கொதிநீரில் கரைந்து, ஆறினால் உறையும் இப்பொருளை மெல்லியதாக ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடித் தாள் போன்ற படலம் கிடைக்கிறது. இதனை உண்ணலாம், எறிந்தால் மண்ணில் மக்கிவிடும்.

கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி ஆகியவற்றிலிருந்து அகரும், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினும் எடுக்கப்படுகின்றன. திருப்பாலைக்குடியை உள்ளிட்ட பாக் நீரிணைக் கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்க ஏற்றது காப்பாபைகஸ். மக்கள் 'பெப்சி பாசி' என்றழைக்கும் இதிலுள்ள பசை காரஜீனன் எனப்படும். மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், பாதி சுத்திகரித்த காரஜீனனிலிருந்து மக்கும் படலம் தயாரிக்கும் முறைக்கு 2006-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர்.

படலத்தின் தன்மையை வீட்டிலேயே அறியலாம். 100 மி.லி. நீரில் 2 கிராம் அகர் தூளும், உணவுக்கேற்ற கிளிசரின் 1 மி.லி.யும் கலந்து, தூள் முழுதும் கரையும்வரை கிளறிக் கொதிக்கவிடவும். வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் மெல்லியதாக ஊற்றி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உரித்தெடுக்கவும். (பிளாஸ்டிக்கை ஒழிக்கப் பிளாஸ்டிக் தட்டா என்று நகைக்க வேண்டாம், எவர்சில்வரில் படலம் ஒட்டிக்கொள்ளும்.) கிளிசரின் சேர்க்காவிடில் படலம் அப்பளம்போல் நொறுங்கும்.

இப்படலம் காற்றையும் எண்ணெயையும் நன்கு தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. ஆகவே மசாலாத் தூள், காப்பித்தூள் ஆகியவற்றைச் சிறு பொட்டலங்களாக்க ஏற்றது. காரஜீனன் பொட்டலத்தைப் பிரிக்காமல் வெந்நீரில் போட்டால் உறையும் கரைந்துவிடும். ஊறுகாய்க்கும் பச்சை மீனுக்கும் இது உதவாது. எல்லாப் பிளாஸ்டிக்கிற்கும் இதுவே மாற்று என்று சொல்வோரை நம்பிவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தான் ஓட்டத்தில் பானத்தைப் பாசிப்படல உருண்டைகளில் அடைத்துக் கொடுத்தனர். உடனே குடித்து முடிப்பதாயிற்றே, அதற்கு அது போதும்.

பாசி வளர்ப்போர் கவனிக்க வேண்டியது உலர்த்தும் களமேயாகும். சுமார் 10 கிலோ பச்சைப்பாசி காய்ந்து 1 கிலோவாகிறது. அதில் ஒட்டிய மணலுக்கு வியாபாரி எடையில் கழிவு பிடிப்பதோடு, மணலும் குப்பையும் படலத்தில் கறையாகவும் ஓட்டையாகவும் வந்து நிற்கும். எனவே கடற்கரை மணலில் பரப்புவதைத் தவிர்த்து, மூங்கில் பரண் அமைத்து அதன்மேல் வலை விரித்து உலர்த்த வேண்டும். காயும் பாசி மழையில் நனைந்தால் பசை கரைந்தோடி, உறையும் வலிமை குறையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தார்ப்பாய் கைவசம் இருத்தல் அவசியம். 45 நாள் வளர்ச்சிக்கு முன் அறுத்த இளம்பாசியிலும் பசை திறம் குன்றியிருக்கும். பணமுடையால் 30-ஆம் நாளே அறுப்போர், எடையிலும் தரத்திலும் ஒருசேர இழக்கின்றனர். ஈரம் 35 சதத்திற்கு மேற்படாத பாசியைச் சாக்கில் கட்டித் தரையில் படாமல் அடுக்கவும்.