உப்பூரிகுடிப் பிள்ளை

கேள்வி: தினமும் மேலூரிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் இறங்கும்வரை கையில் புத்தகம்தான். “இவ்வளவு படிக்கிறியே, எப்பத்தான் எழுதப்போற?” என்று ஆபீஸில் கேட்டுக் கேட்டு எனக்கே அந்த ஆசை வந்துவிட்டது. ஆனால் எழுதினால் ஒரு பத்தி அசோகமித்திரன் மாதிரி இருக்கிறது, அடுத்த பத்தி தி. ஜானகிராமன் மாதிரி இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடுகிறேன். எனக்கு எழுத வராதா? படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: ‘படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. படிப்பது படிக்கட்டு, எழுதுவது மாடி என்று யார் சொன்னது?

உங்கள் மதுரையில் நடந்ததாக இறையனார் களவியல் உரை ஒரு கதை சொல்கிறது. பாண்டி நாட்டில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். மழை பெய்து புலவர்கள் திரும்பி வந்து பார்த்தால், பொருளிலக்கணம் தெரிந்தவர் ஒருவரும் மிச்சமில்லை. அரசன் கலங்குகிறான். ஆலவாய்ப் பெருமானே அறுபது சூத்திரம் செய்து செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின் கீழே போட்டுவிடுகிறார். சங்கத்தார் ஆளுக்கொரு உரை எழுதிக்கொண்டு, என்னுடையதுதான் உரை என்று மல்லுக்கு நிற்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல யார் வந்தது தெரியுமா? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். வயது ஐந்து. பேச்சு வராத பிள்ளை. ஒவ்வொருவராக வாசிக்க, பிள்ளை கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் மட்டும் கண் கலங்கி மயிர் சிலிர்த்தது. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர். வழக்கு அதோடு தீர்ந்தது.

இதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கதை கட்டியவர் விவரமானவர். எழுதத் தெரிந்தவர்கள் நிறைந்த சபையில், சரியாகக் கேட்கத் தெரிந்த ஒரு குழந்தைதான் குறைவாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. அகநானூற்றைத் தொகுத்தவர் பெயரும் உருத்திரசன்மன்தான், தகப்பனார் பெயரும் அதே உப்பூரிகுடி கிழார்தான். தொகுத்திருக்கிற நேர்த்தியைப் பாருங்கள். 400 பாட்டு. ஒற்றைப்படை எண் வந்தால் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பாட்டையும் எத்தனை தரம் படித்துப் பார்த்திருந்தால் இப்படி அடுக்க முடியும்! அந்த மனிதர் நமக்குக் கொடுத்தது தன் பாட்டை அல்ல, தான் படித்ததைத்தான்.

ஆகவே, படிப்பின் மேலுள்ள பிரியம் தாங்காமல் பேனாவை எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் கதைதான் வர வேண்டும் என்றில்லை. தொகுக்கலாம், மொழிபெயர்க்கலாம், பிடித்த கதை ஏன் பிடித்தது என்று எழுதலாம். வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா தம் ஊர்க்காரரான பி.எஸ். ராமையாவின் கதைகளைப் பிரித்துப் பார்த்து ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்று ஒரு புத்தகமே எழுதினார். விமர்சனத்துக்கு இடம் வேண்டுமென்று 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கியவரும் அவர்தான், ‘வாடிவாசல்’ எழுதியவரும் அவர்தான். இந்த வேலை அந்த வேலையைக் கெடுக்கவில்லை.

ஆபீஸ்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக மட்டும் எழுதுகிறீர்கள் என்றால், இன்றைக்கே விட்டுவிடுங்கள். அவர்கள் நாளைக்கு வேறு எதையாவது கேட்பார்கள்.

இரவல் நடையைப் பற்றிக் கவலை வேண்டாம். பிடித்தவர் குரல் நாக்கில் ஒட்டத்தான் செய்யும். அது எப்போது உதிரும்? படித்த எதிலும் இல்லாத ஒன்றை எழுத வேண்டி வரும்போது. ஜி. நாகராஜன் கணக்கு வாத்தியார், நிறையப் படித்தவர். ஆனால் ‘குறத்தி முடுக்கு’, 1974-ல் வந்த ‘நாளை மற்றுமொரு நாளே’ இரண்டுக்கும் சரக்கு அலமாரியிலிருந்து வந்ததல்ல. சந்துகளில் அவர் பழகிய மனிதர்களிடமிருந்து வந்தது. அவர்களை எழுத இரவல் நடை செல்லாது.

இனிமேல் எழுதியதைக் கிழிக்காதீர்கள். ஜானகிராமன் மாதிரி வந்த பத்தியை அப்படியே வைத்துக்கொண்டு, ஒத்தக்கடையில் கூடையோடு ஏறுகிற அம்மா லக்கேஜ் டிக்கெட்டுக்குக் கண்டக்டரோடு மல்லுக்கட்டுகிற பேச்சை அதற்குள் நுழைத்துப் பாருங்கள். தஞ்சாவூர் வாக்கியம் எந்த இடத்தில் பிய்கிறது என்று கவனியுங்கள். அந்த இடத்திலிருந்து மேற்கொண்டு எழுதுங்கள்.