அளந்து பறத்தல்

நுழையும்முன்

கிணற்றிலிருந்து நீரேற்றும் மோட்டாரும் வானூர்திக்கு எரிபொருள் ஊட்டும் எக்கியும் ஒரே இயற்கை விதிக்குக் கட்டுப்பட்டவை. கொங்கு நாட்டு உழவர் தம் தோட்டத்தில் அன்றாடம் காணும் உண்மைகளைக் கொண்டே வானூர்தியின் எரிபொருள் அமைப்பை விளங்கிக்கொள்ளலாம். தம் கையால் வானூர்தி கட்டுவோர் அவ்வமைப்பை எவ்வாறு பொருத்துகின்றனர், பறக்கும்முன் எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பிரித்தறியும் மரபு

கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் இந்திய வான்படைத் தளம் உள்ளது. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட தேஜஸ் போர் வானூர்திகளின் முதல் படைப்பிரிவு 2018ஆம் ஆண்டு அங்கு இடம்பெயர்ந்தது. சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில்தான் 1893ஆம் ஆண்டு ஜி.டி. நாயுடு பிறந்தார். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவருடைய பொறியியல் வாழ்வுக்கு அப்பயிற்சியே அடித்தளமாயிற்று.

பிரித்துப் பார்த்து அறிதலும் செய்து பார்த்துத் தெளிதலும் வானூர்தி கட்டுவோர்க்கும் உரிய பண்புகளாகும். மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கைகள் கொண்ட வானூர்தியைக் கட்டினார். 2016ஆம் ஆண்டு மும்பைக் கண்காட்சியில் மக்கள் அதனைக் கண்டனர். 2017இல் அது பதிவு பெற்றது. பறப்பதற்கான இசைவு 2019இல்தான் கிட்டியது. கட்டி முடிப்பது பாதிப் பணியே. பாதுகாப்பானது என மெய்ப்பிப்பது மறுபாதி.

எரிபொருள் செல்லும் வழி

சிறு வானூர்திகளில் எரிபொருள் கலன்கள் பெரும்பாலும் இரு இறக்கைகளிலும் அமைகின்றன. அங்கிருந்து புறப்படும் எரிபொருள், எந்தக் கலனிலிருந்து எடுப்பது என்பதை முடிவு செய்யும் தெரிவு வால்வு, வடிகட்டி, எக்கி ஆகியவற்றைக் கடந்து எந்திரத்தை அடைகிறது.

ஒவ்வொரு கலனுக்கும் காற்றுத்துளை இன்றியமையாதது. எண்ணெய் டின்னில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் தடைபட்டுத் தடைபட்டு வடியும். மற்றொரு துளையிட்டால் சீராக ஒழுகும். காற்றுத்துளை அடைபட்ட கலனும் அத்தகையதே. எரிபொருள் நிறைய இருந்தும் எந்திரத்திற்கு எட்டாது.

எரிபொருளைவிட நீர் அடர்த்தி மிக்கது. ஆதலால் கலந்துவிட்ட நீர் அமைப்பின் தாழ்ந்த பகுதியில் தங்கும். அங்கு வடிகுழாய் அமைத்து, நாளின் முதல் பறப்புக்கு முன்னும் எரிபொருள் நிரப்பிய பின்னும் சிறிது வடித்துப் பார்ப்பர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும்; சிலவகை இரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். எனவே, எந்த எரிபொருளுக்கு ஏற்ற குழாய் என்பதைப் பொருத்தும்போதே முடிவு செய்தல் வேண்டும்.

கிணறு கற்பிக்கும் பாடம்

கிணற்றுமேட்டில் வைத்த மோட்டார், நீரை ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்திற்குக் கீழிருந்து உறிஞ்ச இயலாது. நடைமுறையில் அவ்வளவு ஆழமும் கைகூடாது. நீர்மூழ்கி மோட்டாரோ அடியிலிருந்து நீரைத் தள்ளுவதால் பன்மடங்கு ஆழத்திலிருந்தும் ஏற்றுகிறது. உறிஞ்சுவதைவிடத் தள்ளுவது நன்று என்னும் இவ்வுண்மை வானூர்திக்கும் பொருந்தும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர்மம் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். எந்திரத்தின் வெம்மையும் கோடை வெயிலும் சேர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவிக்குமிழிகள் தோன்றும். குமிழிகள் நிறைந்த எக்கி, காற்றுப் பிடித்த மோட்டாரைப் போல வீணே சுழலும். இதனைத் தவிர்க்கவே எக்கியைக் கலனுக்கு அருகில் தாழ்வாக வைக்கின்றனர். குழாயை எந்திரச் சூட்டிலிருந்து விலக்கி, வெப்பத்தடை உறையும் இடுகின்றனர்.

இரண்டு கிணறுகளின் குழாய்களை இணைத்து ஒரே மோட்டாரால் இறைக்கும்போது, ஒரு கிணறு வற்றினால் அதன் வழியே காற்று புகுந்துவிடும். மற்றதில் நீரிருந்தும் பயனில்லை. இறக்கை தாழ்வாக அமைந்து, எக்கியால் உறிஞ்சும் வானூர்திகளில் ஒரு நேரத்தில் ஒரு கலனிலிருந்து மட்டும் எரிபொருள் எடுப்பது இதனால்தான்.

தரையில் ஒரு தேர்வு

புதிய அமைப்பைப் பொருத்தியவுடன் பறந்து பார்ப்பது அறிவுடைமை ஆகாது. முதலில், குழாய்களைக் கழுவித் துகள்களை அகற்றுவர். அடுத்து, எரிபொருள் நிரப்பி ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா எனத் தேடுவர்.

மூன்றாவது, பாய்வுத் தேர்வு. வானேறும் நிலையில் இருப்பதுபோல் மூக்குப் பகுதியை உயர்த்தி நிறுத்தி, எந்திரத்தை அடையும் குழாயைக் கழற்றி, அளவுக் கலத்தில் விட்டு, கடிகாரம் கொண்டு அளப்பர். தன் எடையால் இறங்கும் எரிபொருள், எந்திரத்தின் உச்சத் தேவையில் 150 விழுக்காடும் எக்கியால் வருவது 125 விழுக்காடும் இருத்தல் வேண்டும் என்பது பின்பற்றப்படும் அளவுகோல். உச்சத் தேவை மணிக்கு 30 லிட்டர் எனின், முதல்வகை அமைப்பில் நிமிடத்திற்கு 750 மில்லிலிட்டரும் இரண்டாம் வகையில் 625 மில்லிலிட்டரும் வந்தாக வேண்டும். பாய்வு நின்றபின் கலனில் தங்குவது பயன்படாத எரிபொருள். அதனையும் அளந்து கணக்கிலிருந்து கழிப்பர்.

இறுதியாக, வானூர்தியை அசையாதபடி கட்டி, ஒவ்வொரு கலனிலிருந்தும் எரிபொருள் எடுத்து முழுவிசையில் எந்திரத்தை இயக்கிப் பார்ப்பர்.

கைக்கு எட்டாத வால்வு

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் வானூர்தி வீழ்ந்து உயிரிழந்தார். அது வேறொருவர் கட்டியது. டென்வர் புதிதாக வாங்கியது. வரைபடத்தின்படி தெரிவு வால்வு விமானியின் கால்களுக்கிடையே இருக்க வேண்டும். எரிபொருள் குழாய் விமானி அறைக்குள் வரலாகாது என்று கருதிய கட்டுநர், அதனை இடத்தோளுக்குப் பின்புறம் அமைத்திருந்தார். வால்வைத் திருப்ப உடலை வளைத்தபோது, டென்வர் தம்மை அறியாமல் வலக்காலால் திசைமிதியை அழுத்தியதால் வானூர்தி கட்டுப்பாடு இழந்தது என ஆய்வாளர் முடிவு செய்தனர். தீமையைத் தவிர்க்கச் செய்த மாற்றமே மற்றொரு தீமைக்கு வழிவகுத்தது. இருக்கைப் பட்டையை அணிந்த நிலையில் வால்வு கைக்கு எட்டுகிறதா என்பதும் தரையிலேயே காணவேண்டிய தேர்வாகும்.

தரைத் தேர்வுகள் முடிந்த பின்னரும் பொறுமை வேண்டும். அமெரிக்காவில் தாமே கட்டிய வானூர்தியை, எந்திர வகைக்கேற்ப 25 அல்லது 40 மணிநேரம், பயணியர் இன்றி, வரையறுத்த பகுதிக்குள் பறந்து ஆராய்வது வழக்கம். சாலையில் நின்ற வண்டியை ஓரமாக ஒதுக்கலாம். வானில் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, ஐயம் அனைத்தையும் மண்ணிலேயே தீர்த்துக்கொள்பவரே விண்ணில் ஏறத் தகுதியுடையவர்.

தெரிந்து தெளிவோம்

1983 ஜூலை 23 அன்று கனடாவின் போயிங் 767 வானூர்தி ஒன்று, நடுவானில் எரிபொருள் தீர்ந்து எந்திரங்கள் நின்றுபோக, கிம்லி என்னும் ஊரின் பழைய தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. எவரும் உயிரிழக்கவில்லை. எரிபொருள்மானி பழுதுற்றிருந்ததால் கையால் கணக்கிட்டபோது, கிலோகிராமுக்குரிய எண்ணுக்கு மாறாகப் பவுண்டுக்குரிய எண்ணைப் பயன்படுத்தியதே காரணம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கிணற்று மோட்டார் பழுதுபார்ப்பவரைக் கண்டு, காற்றுப் பிடித்தலுக்கான காரணங்களைக் கேட்டு எழுதுக.
2. எந்திரத்தின் உச்சத் தேவை மணிக்கு 24 லிட்டர் எனின், இருவகை அமைப்புகளிலும் நிமிடத்திற்கு வரவேண்டிய எரிபொருளைக் கணக்கிடுக.
3. ‘தீமையைத் தவிர்க்கச் செய்த மாற்றமே மற்றொரு தீமைக்கு வழிவகுத்தது’ – இக்கூற்றை மற்றோர் எடுத்துக்காட்டுடன் விளக்கி வகுப்பில் உரையாடுக.