கள்ளக்கடல் காலம்: பாட்டா, பாட்டியோடு கடலோரம் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை வந்தாயிற்று. வளைகுடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் பிள்ளைகள் நம் கடலோர ஊரான இனயத்துக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பாட்டா, பாட்டிமாரும் வருகிறார்கள். வந்த மறுநாளே கார் எடுத்து, நீரோடியில் தொடங்கி தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று மேற்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று. நல்லதுதான். போய் வாருங்கள்.

விடியற்காலையே கிளம்புங்கள். 11 முதல் 3 மணி வரை பெரியவர்களை வெயிலில் இறக்காதீர்கள். முன் இருக்கை அவர்களுக்கு. பிரஷர், சுகர் மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். தண்ணீர், குடை, வழுக்காத செருப்பு. விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கடல் சீறினால் நிறுத்திவிடுவார்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இந்த விடுமுறை மாதங்களில் நம் கரைக்குப் பெரிய ஆபத்து கள்ளக்கடல். மழை இருக்காது, காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எப்போதோ அடித்த புயல் கிளப்பிய அலை பல நாள் ஓடி வந்து இங்கே ஏறும். சற்று நேரம் கடல் அமைதியாகக் கிடக்கும். பிறகு நாலைந்து பெரிய அலைகள் கூட்டமாக வரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவ மாணவியர் 5 பேர் அப்படித்தான் இறந்தார்கள். கடல் எச்சரிக்கை தரும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தது. கொடுத்தும் என்ன?

இளவட்டங்களுக்கே அந்தக் கதி. முட்டுவலிக்காரப் பாட்டி எப்படி ஓடுவார்? ஆனாலும் கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவின் நுனியில், பாசி பிடித்துக் கறுத்த கல்லின் மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பாட்டாவை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். நாற்காலியின் ஒரு கால் கல்லிடுக்கில் ஆடிக்கொண்டிருக்கிறது. எத்தனை தடவை சொல்வது? தூண்டில் வளைவு கரையைக் காக்கப் போட்டது, ஆள் உட்கார அல்ல. "நான் இந்தக் கடலில் பிறந்து வளர்ந்தவன்" என்று பாட்டா சொல்வார். கேட்காதீர்கள். அவர் வள்ளம் தள்ளிய வயது வேறு, இன்றைய வயது வேறு.

ஆஸ்திரேலியாவில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளித்துப் பழகிய பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: இங்கே அந்தக் கொடியும் இல்லை, அதன் பக்கத்தில் காவலுக்கு நிற்கும் ஆளும் இல்லை. கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கக் கீழே இறங்காதீர்கள், மேட்டுக்கு ஏறுங்கள். யாரையாவது அலை இழுத்தால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறோ காலிக் கேனோ வீசுங்கள், கரையிலுள்ள மீனவர்களைக் கூப்பிடுங்கள், கடலோரக் காவலுக்கு 1093, ஆம்புலன்சுக்கு 108 அழையுங்கள்.

புறப்படும் முன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் வண்டியை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கோ பத்மநாபபுரம் அரண்மனைக்கோ திருப்புங்கள். திங்கள்கிழமை அரண்மனை திறக்காது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் பெரியவர்களின் நாற்காலி சாலையோரத்திலேயே இருக்கட்டும். மணலில் வேண்டாம், கல்லில் வேண்டவே வேண்டாம்.