கால்நடைத் தீவனமும் மக்கள் உணவும்

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் உண்டு. உழவுக்கும் பாலுக்கும் எருவுக்கும் மாட்டையே நம்பி வாழ்ந்த மக்களின் சொல் அது. ஆனால் இன்று அந்தச் செல்வத்தின் மீதே ஒரு குற்றச்சாட்டு எழுந்துள்ளது. உலகில் விளையும் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கால்நடைகளும் கோழிகளும் தின்றுவிடுகின்றன என்றும், ஏழையின் கலத்தில் விழவேண்டிய உணவு விலங்கின் தொட்டியில் விழுகிறது என்றும் சிலர் கூறுகின்றனர். இது எவ்வளவு தூரம் உண்மை? மிளகுக்கும் சுக்குக்கும் அருகிலேயே அரிசி மூட்டைகளையும் அடுக்கி வளர்ந்த மட்டாஞ்சேரியில் வாழும் நாம் இதனைச் சற்று ஆராய்வது நன்று.

முதலில் மாட்டின் வயிற்றைப் பார்ப்போம். அதில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலிலும் புல்லிலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளைச் சிதைத்து மாட்டுக்கு உணவாக்குபவை அவையே. மனிதனுக்கு அந்த ஆற்றல் இல்லை. நூறு கிலோ நெல்லை அரைத்தால் 65 முதல் 70 கிலோ அரிசி கிடைக்கிறது. எஞ்சியது உமியும் தவிடும். கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் நமக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. தேங்காய்ப் புண்ணாக்கில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். நாம் உண்ணாத அப்புரதத்தை மாடு பாலாக மாற்றித் தருகிறது.

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2017இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். உலகக் கால்நடைகள் உண்ணும் தீவனத்தில் 86 சதவீதம் மனிதன் உண்ண இயலாதது என்பது அதன் முடிவு. அப்படியானால் மூன்றில் ஒரு பங்குத் தானியம் என்பது பொய்யா? அன்று. இரண்டும் மெய்யே. புல்லும் வைக்கோலும் தட்டையும் மலையளவு இருப்பதால், தானியம் தீவனத்தில் சிறு பங்காகத் தெரிகிறது. மனிதனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே பெரும் பங்கு.

கோழியின் நிலை வேறு. அதற்கு அசை போடும் வயிறு இல்லை. வைக்கோல் அதற்குப் பயன்படாது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கொண்டே அதனை வளர்க்கிறார்கள். தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளமே. எனவே நாமக்கல்லிலிருந்து கேரளத்திற்கு வரும் ஒவ்வொரு முட்டை லாரியும், வேறொரு வகையில் மக்காச்சோள லாரியே ஆகும்.

இனி நம் ஊரின் நிலைக்கு வருவோம். முன்னாளில் வயல் வைக்கோல் தந்தது. அரிசி ஆலை தவிடு தந்தது. செக்கு புண்ணாக்குத் தந்தது. வீட்டுக் கழனித் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு மாட்டின் வயிறு நிரம்பிவிடும். 1974-75இல் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று சுமார் 2 இலட்சம் ஹெக்டேரே எஞ்சியுள்ளது. நெல் போனால் அரிசி மட்டுமா போகும்? வைக்கோலும் தவிடும் உடன் போகும் அன்றோ? 1996இல் ஏறத்தாழ 34 இலட்சமாக இருந்த மாடுகள், 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 13 இலட்சம் அளவுக்குக் குறைந்தன. இக்குறைவுக்குக் காரணங்கள் பல. தீவனச் செலவு அவற்றுள் முக்கியமானது. பாலக்காட்டைக் கடந்து தமிழ்நாட்டு வைக்கோல் லாரிகளில் வருகிறது. வீட்டில் கிடைத்த பொருள் சந்தைப் பொருளாகிவிட்டது.

சந்தையை மட்டும் நம்பியிருப்பதன் அபாயத்தைக் கொச்சி முன்பே அனுபவித்துள்ளது. திருவிதாங்கூரும் கொச்சியும் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர், கப்பல்கள் நின்றன, மக்கள் பட்டினியில் வாடினர். பங்கீட்டு முறை வந்த பின்னரே ஓரளவு நிலைமை சீர்பட்டது. அடுத்த ஆண்டு வங்கத்தில் பெரும் பஞ்சம் தோன்றியது. அதனை ஆராய்ந்த அமர்த்தியா சென், தானியக் குறைவு ஒன்றே பஞ்சத்திற்குக் காரணம் அன்று, அதனை வாங்கும் சக்தியை ஏழைகள் இழந்ததே பெருங்காரணம் என்று 1981இல் எழுதிய நூலில் நிறுவினார்.

இப்பாடம் தீவனத்திற்கும் பொருந்தும். 2021இல் சோயாப் புண்ணாக்கின் விலை ஏறியபோது, இந்திய அரசு 12 இலட்சம் டன் இறக்குமதிக்கு இசைவு தந்தது. பின்னர் மக்காச்சோளத்திற்கு மற்றொரு போட்டி முளைத்தது. பெட்ரோலில் கலப்பதற்கான எத்தனால் ஆலைகள் அதனைப் பெருமளவில் வாங்கத் தொடங்கின. நெடுங்காலம் மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்த நாடு, 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் அதனை வரவழைத்தது. அன்று மனிதன் உண்ணப் பர்மா அரிசி. இன்று கோழி உண்ணப் பர்மா மக்காச்சோளம்! மனிதனும் விலங்கும் மட்டுமின்றி, மோட்டார் வண்டியும் இப்போது பந்தியில் அமர்ந்துள்ளது.

விலை ஏறும்போது துன்புறுவோர் யார்? பெரும் பண்ணையார் முன்கூட்டியே வாங்கிக் கிடங்கில் வைப்பார். ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்திருக்கும் குடும்பத்தால் அது முடியாது. பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்திற்கே போகிறது. விலை மீறினால் அக்குடும்பம் மாட்டை விற்றுவிடும். மறுபுறம், இறைச்சி வாங்க வழியற்ற வீட்டுப் பிள்ளைக்கு முட்டையும் பாலுமே உடல் வளர்க்கும் உணவு. இவ்விரு குடும்பங்களும் ஒரே சந்தையின் இரு முனைகளில் நின்று ஒருங்கே அடிபடுகின்றன.

ஆகவே, விலங்கை ஒழித்தால் பசி ஒழியும் என்பது பாதி உண்மையே. மனிதன் உண்ணாததை விலங்குக்கு அளிப்பதும், விலங்குக்குத் தேவையான தானியத்தை விலைப்புயலிலிருந்து காப்பதுமே முழு வழி. இந்திய உணவுக் கழகம் 1965 முதல் அரிசிக்கும் கோதுமைக்கும் கையிருப்பு வைத்துள்ளது. மக்காச்சோளத்திற்கு அத்தகைய பெருங்கையிருப்பு இல்லை. அதனை ஏற்படுத்த வேண்டும். வடநாட்டில் வயலிலேயே எரிக்கப்படும் வைக்கோலைத் தீவனமாக்க வேண்டும். நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால், அதன் செரிமானத் தன்மையும் புரதச் சத்தும் உயரும். இம்முறையை உழவர்க்குச் செய்து காட்டுவது விஞ்ஞானம் பயிலும் நம் போன்றோர் கடமை. எஞ்சிய நெல்வயல்களைக் காப்பது அனைத்திலும் முதன்மையானது. வயல் ஒன்று மேடானால் சோறும் குறையும், பாலும் குறையும் என்பதை நாம் மறத்தல் ஆகாது.