டெல்ஃபிகாரர்களை லசாரஸுக்கு அழைத்து வருவது எப்படி?

பத்து, பதினைந்து ஆண்டுகளாக டெல்ஃபி நிரலாக்கக் கருவியில் எழுதிவரும் குழுவை, அதைப் போன்ற திறமூல மென்பொருளான லசாரஸுக்கு மாற்ற நினைக்கிறீர்களா? "இது இலவசம்" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். லைசன்ஸுக்குப் பணம் கட்டுவது நிறுவனம். புரோகிராமரின் கவலை வேறு: இத்தனை ஆண்டுக் கைப்பழக்கம் வீணாகிவிடுமோ என்பதுதான். முதலில் அந்தப் பயத்தைப் போக்குங்கள்.

1. பழகியதைக் காட்டுங்கள்

போர்லாண்ட் 1995-ல் வெளியிட்ட டெல்ஃபிக்கும் 1999-ல் தொடங்கிய லசாரஸுக்கும் மொழி ஒன்றே: ஆப்ஜெக்ட் பாஸ்கல். ஃபார்மில் ஒரு பட்டனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஃப்9 அழுத்தினால் நிரல் ஓடும். எஃப்12 அழுத்தினால் ஃபார்மிலிருந்து கோடுக்குத் தாவும். விரல்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

2. அவர்கள் எழுதியதையே மாற்றுங்கள்

மாதிரி நிரல் யாரையும் அசைக்காது. குழுவில் ஒருவர் எழுதிய சிறிய நிரலை எடுத்து, நகல் வைத்துக்கொண்டு, டூல்ஸ் மெனுவில் உள்ள டெல்ஃபி மாற்றியில் கொடுங்கள். மிஞ்சும் பிழைகளை அவரோடு உட்கார்ந்து தீர்த்துவிடுங்கள். பிறகு அதையே லினக்ஸில் கம்பைல் செய்து ஓட்டிக் காட்டுங்கள். டெல்ஃபியின் காம்பொனென்ட் நூலகமான விசிஎல் விண்டோஸுக்கு மட்டுமே. லசாரஸின் நூலகமான எல்சிஎல் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

3. குழிகளை முன்கூட்டியே சொல்லுங்கள்

"தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை லெங்த் கொண்டு கேட்டால், டெல்ஃபி 2009 முதலான பதிப்புகள் 5 என்னும். லசாரஸ் 15 என்னும். முன்னதன் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-16, பின்னதன் குறியாக்கம் யுடிஎஃப்-8; அதனால் லசாரஸ் பைட்டுகளை எண்ணுகிறது. லசாரஸில் யுடிஎஃப்8லெங்த் என்று கேட்டால்தான் 5 வரும். விலைக்கு வாங்கிய காம்பொனென்ட்களில் சில லசாரஸில் இருக்காது. விண்டோஸை நேரடியாக அழைக்கும் வரிகளையும் மாற்றி எழுத வேண்டும். இவற்றை மறைத்தால், முதல் வாரத்திலேயே உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

4. நிர்வாகத்துக்கு ஒரு பதில்

"நம் கோடை வெளியிட வேண்டியிருக்குமா?" என்று மேலாளர் கட்டாயம் கேட்பார். வேண்டாம். எல்சிஎல்லின் உரிமம் எல்ஜிபிஎல். அதோடு சேர்ந்துள்ள விதிவிலக்கு, மூலநிரலை வெளியிடாமலே உங்கள் பொருளை விற்க இடம் தருகிறது.

5. அவசரப்படுத்தாதீர்கள்

பழைய பெரிய நிரல் டெல்ஃபியிலேயே ஓடட்டும். புதிய சிறு வேலைகளை லசாரஸில் தொடங்குங்கள். கற்றுக்கொள்ள அலுவலக நேரத்தையே ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கேட்காதீர்கள்.

லசாரஸில் பிழை தென்பட்டால், அதை முறையாகப் பதிவு செய்யவும் முடிந்தால் திருத்தி அனுப்பவும் குழுவுக்குக் கற்றுக்கொடுங்கள். தான் அனுப்பிய திருத்தம் அடுத்த பதிப்பில் இடம்பெற்றதைப் பார்த்த புரோகிராமருக்கு, அந்தக் கருவி சொந்தமாகிவிடும். இந்த வாரமே ஒரு சிறு நிரலைத் தேர்ந்தெடுங்கள். அதை எழுதியவரை அருகில் உட்கார வைத்துத் தொடங்குங்கள்.