அடைப்புக்குறியை ‘முதலில் செய்’ என்று சொல்லலாமா?

ஏழாம் வகுப்பில் 3(ம + 4) என்பதை விரித்து எழுதச் சொன்னேன். பாடநூலில் எக்ஸ் வரும் இடத்தில் தொடக்கத்தில் ‘ம’ என்று எழுதுவது என் வழக்கம். பாதிப் பேருக்கு மேல் 12ம என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்று எண்ணிச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போனேன். ஒரு மாணவன் மட்டும் விடவில்லை.

“டீச்சர், அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதைத்தானே முதல்ல செய்யணும்னு சொன்னீங்க? ம-வையும் 4-ஐயும் சேர்த்தா 4ம. மூணால பெருக்கினா 12ம.”

நான் கற்பித்த விதியை அவன் மீறவில்லை, அதற்குக் கீழ்ப்படிந்திருந்தான். 3 × (5 + 4) என்றால் அடைப்புக்குறிக்குள் 9 கிடைத்துவிடுகிறது. ம + 4-இல் அப்படிச் செய்வதற்கு எதுவும் இல்லை. செய்ய முடியாததை ‘முதலில் செய்’ என்றால் பிள்ளை ஏதோ ஒன்றைச் செய்துதானே தீரும்?

மறுநாள் வேறு விதமாகத் தொடங்கினேன். ஒரு நோட்டின் விலை ம ரூபாய், ஒரு பென்சில் 4 ரூபாய். இரண்டையும் ஓர் உறையில் போட்டால் உறையின் விலை ம + 4. அந்த உறைதான் அடைப்புக்குறி. மூன்று உறைகள் வாங்கினால் நோட்டும் மூன்று, பென்சிலும் மூன்று. ஆக 3ம + 12. (நோட்டுக்கு ‘ந’ என்று வைக்கவில்லை. வைத்தால் அந்த எழுத்தை நோட்டு என்றே நினைத்துவிடுவார்கள். அது விலையைக் குறிக்கும் எண்.)

பிறகு ம = 5 எனப் பிரதியிடச் சொன்னேன். 3(ம + 4)-இன் மதிப்பு 27. 12ம-வுக்கு 60, சிலர் எழுதிய 3ம + 4-க்கு 19, 3ம + 12-க்கு 27. எது சரி என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஓர் எண்ணோடு நிறுத்தக்கூடாது. 2(ம + 2)-க்கு 4ம என்று எழுதிய ஒரு மாணவி ம = 2 எனப் போட்டு, “இரண்டு பக்கமும் 8 வருதே டீச்சர்” என்றாள். ம = 3 எனப் போட்டதும் 10, 12 என்று பிரிந்தது. அன்றிலிருந்து இரண்டு எண்களாவது போட்டுப் பார்க்கிறோம்.

அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி வந்தால் குழப்பம் இன்னும் கூடும். 100 ரூபாயுடன் கிளம்பி, பேருந்துக்கு ம ரூபாயும் தேநீருக்கு 15 ரூபாயும் கொடுத்தால் மீதி 100 − (ம + 15). அதை 100 − ம + 15 என்று எழுதினால், கடைக்காரர் தேநீரும் தந்து 15 ரூபாயும் தருகிறார் என்றாகிவிடும். வகுப்பு சிரித்தது, 85 − ம என்ற விடையும் வந்தது.

போட்மாஸில் கூட்டல் முன்னால் நிற்பதால் 12 − 5 + 3-க்கு 4 என்பவர்களும் உண்டு. கூட்டலும் கழித்தலும் சம நிலையில் உள்ளவை. இடமிருந்து வலமாகச் செய்தால் 10.

கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறிதான் கடினம். பின்னக் கோட்டுக்கு மேலே ம + 6, கீழே 2 என்று கொடுத்தால் 6-ஐ மட்டும் வகுத்து ம + 3 என்கிறார்கள். ம = 4 எனில் சரியான மதிப்பு 5; அவர்களுக்கு 7 வருகிறது. கோடே ஓர் உறை என்று சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் கோட்டுக்கு மேலுள்ளதைச் சுற்றிப் பென்சிலால் அடைப்புக்குறி போட்ட பிறகே கணக்கைத் தொடங்கச் சொல்கிறேன்.